அரைப்பல் கடித்த புழு

கீழ் வீட்டுப் பின்பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் இடம் உண்டு. அங்கே ஓர் அடுப்பு. அந்த அடுப்பில் ஒரு நாளும் சாப்பாடு வெந்தது கிடையாது. அதில் வேகிறதெல்லாம் ரப்பர் புழு. ஏரியில் மீன் பிடிக்க வருகிறவர்கள் தூண்டில் முள்ளில் கோத்துப் போடுவார்களே, அந்த வழவழப் புழுதான். ரப்பர் என்று பேச்சுக்குச் சொல்வது, உண்மையில் அது மெத்தென்ற பிளாஸ்டிக். அது உருகும்போது வருகிற வாடை இருக்கிறதே, நேராக மாடிப்படி ஏறி வந்து என் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்துகொள்ளும். தைத்து வைத்த துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, துணி தைச்சியா, டயர் எரிச்சியா?" என்று கேட்டவர்கள் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, அடுப்பைக் குறைங்க!" என்று கத்துவேன். "குறைச்சாச்சு தங்கச்சி, குறைச்சாச்சு" என்று கீழேயிருந்து பதில் வரும். குறைத்திருக்கவே மாட்டார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்த அண்ணன் இல்லை. கீழே அவர்கள் குடும்பம், மேலே நான், அப்படி வந்த உறவு. அவர் மனைவி எனக்கு அண்ணி. அவர்கள் மகளுக்கு நான் அத்தை. சண்டை போடவும் உரிமை வேண்டுமல்லவா.

ஏரிக்கரையில் அண்ணனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரைப்பல்லு, அவ்வளவுதான். தூண்டில் நூலில் மாட்டும் ஈயக்குண்டைப் பல்லாலேயே கடித்து இறுக்குவார். ஒரு நாள் ஈயம் நசுங்குவதற்குப் பதில் பல் போய்விட்டது. மேல்வரிசை முன்பல், குறுக்கே பாதி. மகள் வேலை பார்ப்பதோ பல் செட்டு செய்கிற இடத்தில். "ஊர்ல உள்ளவங்க வாயிக்கெல்லாம் அச்சு எடுக்கிறேன், எங்கப்பா இப்படிப் பொக்கை வாயோட திரியுறாரு. வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்று அவளும் தலைகீழாக நின்று பார்த்தாள். மனிதர் வாயைத் திறந்தால்தானே. "பாதி இருக்கில்ல, அது போதும்" என்று அந்தப் பாதிப் பல்லைக் காட்டிச் சிரிப்பார்.

அந்தப் பல்தான் அவருக்குக் கத்தியும். மீன் கடித்து இழுத்தால் புழுவின் தலை கிழிந்துபோகும், அப்புறம் முள்ளில் நிற்காது. கிழிந்த தலையைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடியும் கோப்பார்கள். எல்லோரும் செய்கிற காரியம்தான். மற்றவர்கள் கடித்த இடம் ஒரே சீராக இருக்கும். அண்ணன் கடித்த இடத்தில் மட்டும் நடுவில் ஒரு சின்னத் துருத்தல் நிற்கும், உடைந்த பல் எட்டாமல் விட்டது. கடித்த துண்டைத் தண்ணீரில் துப்ப மாட்டார். சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஒன்றும் வீணாகாது, எல்லாம் திரும்ப உருகி வரும். துவைக்கிறபோது அண்ணி பையைத் துழாவி எடுத்து, "இந்த எச்சித் துண்டையெல்லாம் பொறுக்கவா என்னைக் கட்டிக்கிட்டு வந்தீங்க?" என்பாள். ஆனால் ஒன்றையும் எறிய மாட்டாள்.

தூண்டில்கடையில் ஒரு ஜாடி வைத்திருந்தார்கள். கரையில் இருப்பவர்கள் கிழிந்த புழுக்களை அதில் போடுவார்கள், கடைக்காரர் அதை இங்கே அனுப்புவார். முள் முறிந்து உள்ளே நிற்கிறதா என்று ஒவ்வொன்றையும் நசுக்கிப் பார்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, துணியில் பரப்பிக் காயவைப்பது அண்ணி. ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் சட்டியில் தெறித்து முகத்தைப் பொசுக்கிவிடும். காய்ந்த பிறகு பிரிப்பாள். பச்சை ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம், கண்ணாடி மாதிரி இருப்பது தனி. இழுத்தால் நீளுகிற ஒரு சாதி உண்டு, அது மற்றதோடு சேராது, திரிதிரியாய் நின்று சட்டியையே கெடுத்துவிடும். அதை அண்ணி கையில் எடுத்ததும் கண்டுபிடித்துத் தள்ளுவாள். அண்ணன் உருக்கி, சுண்ணாம்பு மாவில் செய்த அச்சில் ஊற்றுவார். ஒரு பக்க அச்சுதான், மேலே திறந்திருக்கும். அதனால் அந்த வீட்டுப் புழு எல்லாம் முதுகு உருண்டு, வயிறு தட்டையாக இருக்கும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அண்ணன் விடியுமுன் படகில் போனார். காற்று கிளம்பியது. மத்தியானம் படகு மட்டும் நாணலுக்குள் கவிழ்ந்து கிடந்தது. துடுப்பு கிடைத்தது, தண்ணீர் பாட்டில் கிடைத்தது, ஒரு செருப்பு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. ஏரிக்கு அடியில் மூழ்கிப்போன மரங்கள் நிற்கின்றன, அதில் சிக்கினால் மேலே வராது என்று தேட வந்தவர்கள் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அண்ணி அழவில்லை. ஆள் கிடைக்காமல் எதற்கு அழுவது என்று கேட்டாள். 'செத்துட்டாரு' என்ற வார்த்தையை அந்த வீட்டுக்குள் ஒருவரும் சொன்னதில்லை. 'அப்படி ஆயிடுச்சே' என்பார்கள். 'அந்தச் சமயத்துல' என்பார்கள். நானும்தான். தெருவுக்கே நீளுகிற என் வாய் அங்கே போனால் ஒட்டிக்கொண்டுவிடும்.

வாசல் கதவு அதற்கப்புறம் தாழிடப்படவே இல்லை. அண்ணனுடைய துண்டு கொடியில் காய்ந்துகொண்டே இருந்தது. யாரும் தொடாத துண்டை அண்ணி திரும்பத் திரும்ப நனைத்துப் பிழிந்து போடுவாள். அழுக்கே இல்லையே அண்ணி என்றால், "தூசி படியுதில்ல" என்பாள்.

ஒரு மத்தியானம் வாடை வந்தது. நான் மெஷினில் கால் ஓட்டிக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம், யோசிக்கவே இல்லை. எழுந்து போய் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, அடுப்பைக் குறைங்க!" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்ததும்தான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் அண்ணியின் குரல், எப்போதும் போல, ஒரு பதற்றமும் இல்லாமல் வந்தது.

"சொல்றேன்மா."

அன்றைக்கு அதற்குமேல் ஒரு தையல் போடவில்லை.

அடுப்பில் நின்றது மகள். கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார், அம்மாவும் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாள், கையில் ஏதாவது வேலை இருக்கட்டும் என்று அவளே ஆரம்பித்தாள். அண்ணி முன்போலவே பிரித்துக் கொடுத்தாள். ஆனால் தகரக் கூரைக்கு அடியில் கால் வைக்க மாட்டாள். "அது அவரு இடம்" என்பாள். லீவு நாளில் மகள் தனியாக நின்று உருக்கி, ஊற்றி, எடுத்து, பையில் கட்டி, நேரே கடையில் கொடுத்துவிட்டு வருவாள்.

சாயம் தீர்ந்துவிட்டது என்று ஒரு நாள் என்னிடம் வந்தாள். "அத்தை, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு உருக்கினேன். சேறு மாதிரி வந்து நிக்குது. உங்ககிட்ட மினுமினுப்பா ஏதாவது இருக்கா?"

ஒரு மேடை உடைக்குப் போட்டது போக மிச்சம் செம்பு நிறத்தில் ஜிகினாத் தூள் இருந்தது. "இந்தா, கொண்டு போ. உன் மீனு எல்லாம் இனி டான்ஸ் ஆடட்டும்" என்று பொட்டலத்தோடு கொடுத்தேன். அந்தச் சேற்றுக் கலருக்கு மீன் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்ததாகக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

இதற்கு நடுவே மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பெரிய இடம், நல்ல சம்பளம், தங்க அறையும் தருகிறார்கள். மாதம் பிறந்ததும் சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அம்மாவைத் தனியாக விட்டுப் போக அவளால் முடியாது. அண்ணி முதலில் அசையவே இல்லை. மகளும் நானும் மாறி மாறிப் பேசி, கெஞ்சி, நான் கொஞ்சம் திட்டவும் செய்து, கடைசியில், "சரி, கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்றாள். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டி கட்டினார்கள். துண்டை மட்டும் கொடியிலிருந்து எடுக்கவில்லை. அதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் கடைசி ஜாடி வந்தது. நான் கீழே உட்கார்ந்து பித்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி ஜாடியைத் துணியில் கவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது.

"இங்க பாரு" என்றாள்.

விரல் நுனியில் ஒரு தலைத்துண்டு. சேற்றுக் கலர். நுனியில் கடித்த சரிவு, நடுவில் ஒரு சின்னத் துருத்தல்.

"அண்ணன் கடிச்சது" என்றேன். வேறென்ன சொல்வது?

"உள்ள மினுக்குதே, இது உன் ஜிகினாதானே?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செம்பு நிறம். என்னுடையதேதான்.

"ஆமா அண்ணி."

"இதை நீ எப்பக் குடுத்தே?"

"போன மாசம்."

"அப்ப இதைக் கடிச்சது யாரு?"

என் கையிலிருந்த பித்தான் எங்கோ உருண்டுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கும் புரியவில்லை. திறந்து கிடந்த வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அங்கே வந்து நின்றிருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

கட்டிய பெட்டியை அண்ணி அன்றைக்கே பிரித்தாள். "நான் வரலை. அவரு இங்கதான் எங்கயோ இருக்காரு. தலையில அடிபட்டு நெனப்பு தப்பிப் போயிருக்கும். வீடு மறந்திருக்கும். தூண்டில் மறக்குமா அவருக்கு?" மகள் வெள்ளைக் காகிதமாய் நின்றாள். அதிர்ச்சியில் நிற்கிறாள் என்று நான் நினைத்தேன்.

அதற்கப்புறம் அண்ணி தினமும் கரைக்குப் போனாள். அந்தப் புழுத்துண்டை ஒரு சின்னப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, தூண்டிலோடு நிற்கிற ஒவ்வொருவரிடமும் போய், "கொஞ்சம் சிரிங்க" என்பாளாம். விவரம் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பல்லைக் காட்டினார்கள். தெரியாதவர்கள் பயந்து தூண்டிலைச் சுருட்டினார்கள். தூண்டில்கடைக்காரர் என்னைத் தேடி மாடிக்கே வந்துவிட்டார். கனத்த உடம்பு, படியேறிய மூச்சு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"என்னம்மா இது? நேத்து ஒரு தாடிக்காரனை, தாடியை விலக்கிப் பாக்குறா. அவன் பாவம், பொம்மை மாதிரி நிக்கிறான்."

"நீங்க ஏதாவது சொல்லக்கூடாதா?"

"நானா? என் வாயையும் பாத்துட்டுத்தான் போனா. நான் என்னத்தைச் சொல்ல?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "எனக்கே ஒரு மாதிரி இருக்கும்மா. விடியக்காலையில கடை திறக்கிறப்ப, நாணல் பக்கம் யாராவது நின்னா, அவன்தானோன்னு நெஞ்சு அடிச்சுக்குது" என்றார்.

தெருவே அப்படித்தான் ஆகியிருந்தது. யாரோ அக்கரையில் அரைப்பல்லு மாதிரி ஒருவரைப் பார்த்தார்களாம். யாரோ அவர் இருமலைக் கேட்டார்களாம். செத்தவரா இருப்பவரா என்று தெரியாத ஒரு மனிதர் எங்கள் எல்லோர் பக்கத்திலும் வந்து நின்றுகொண்டிருந்தார். ராத்திரி மாடிக் கதவைத் தாழிட நானும் தயங்கினேன்.

மாதம் பிறக்கச் சில நாளே இருந்தது. மகள் மாடிக்கு வந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மடியிலிருந்து பழைய துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒரு வெள்ளை அச்சு. அந்த வீட்டில் இருந்த அச்சுகளில் நான் பார்க்காத ஒன்று.

"உள்ள பாருங்க அத்தை."

பார்த்தேன். புழு வடிவக் குழி. தலைப்பக்கம் சரிவு. நடுவே ஒரு சின்னப் பள்ளம். அது துருத்தலுக்கான பள்ளம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் உடம்பெல்லாம் கொதித்தது.

"ஏண்டி, உனக்கு அறிவிருக்கா? என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க?"

"அப்பா முதல் நாள் கழட்டிப் போட்ட சட்டையோட பையில இருந்துச்சு அத்தை. தலை கடிச்ச புழு, முழுசா ஒண்ணு. கடைசியா அவரு கடிச்சது அதுதான். பக்கத்துல கெடந்த வேற சாதிப் புழுவோட ஒட்டி, வெயில்ல இளகிட்டே இருந்துச்சு. பல்லுத் தடம் நாளுக்கு நாள் மழுங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல ஒண்ணுமே இருக்காது. ஊர்ல உள்ளவன் பல்லை எல்லாம் அச்செடுத்து அடுக்கி வெச்சிருக்கேன், எங்கப்பா பல்லு மட்டும் என்கிட்ட இல்ல. அதான், ஒரு ஓட்டுல ஒட்டி வெச்சு, மாவு கரைச்சு ஊத்தினேன். எனக்குன்னு வெச்சுக்கத்தான்."

"வெச்சுக்க வேண்டியதுதானே? கடைக்கு எதுக்குக் குடுத்த?"

"பழைய அச்சு கீறல் விட்டுடுச்சு. கடைக்காரர் அவசரப்படுத்தினாரு. ஒரு தடவைன்னுதான் இதுல ஊத்தினேன். எடுத்துப் பாத்தா, அப்பா இப்பக் கடிச்சுட்டு வெச்சுட்டுப் போன மாதிரி இருந்துச்சு. சூடு வேற ஆறல. என்னால நிறுத்த முடியலை அத்தை. ஊத்திட்டே இருந்தேன். மத்த புழுவோட கலந்துட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு பையில போட்டுட்டேன்."

திட்ட வாயெடுத்த நான் அப்படியே அவள் தலையைப் பிடித்து என் முழங்காலில் சாய்த்துக்கொண்டேன். இருபது தடவை திட்ட வேண்டியதை ஒரு தடவையும் திட்ட முடியவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிடு" என்றேன்.

"சொன்னா நானே அப்பாவைக் கொன்ன மாதிரி ஆகும்."

"சொல்லலேன்னா உங்கம்மா ஆயுசு முழுக்க ஊரான் வாயைப் பாத்துட்டுத் திரியும். நீயும் இங்கயே கெடந்து மக்கிப் போவே. எது தேவலை?"

"நீங்க சொல்லுங்க அத்தை."

"இது என் வாயால வர்ற சங்கதி இல்ல கண்ணு. நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

கீழே போனோம். நல்ல வெயில். அண்ணி கரையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கால் புழுதியைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து புழுத்துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மகள் அச்சை அவள் முன்னால் வைத்தாள். அது தரையில் டக்கென்று தட்டியது.

அண்ணி அச்சைத் தொடவில்லை. பார்த்தாள்.

"நான்தாம்மா எடுத்தேன்" என்றாள் மகள். "அப்பா கடிச்ச புழுவை வெச்சு அச்சு எடுத்தேன். நீ பாத்த துண்டு இதுல ஊத்தினதும்மா. யாரும் கடிக்கலை."

நான் அண்ணியைத் தாங்கிப் பிடிக்கத் தயாராக ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அவள் விழவில்லை, கத்தவில்லை. இடுப்புப் பையிலிருந்து புழுத்துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"மேல்பக்கம் பாரு. உங்கப்பா பல்லு. அச்சு அசலா அவரேதான்." விரலால் அதைக் குப்புறப் புரட்டினாள். "கீழ்ப்பக்கம் பாரு. மொழுமொழுன்னு இருக்கு. மேல்பல்லை மட்டும் வெச்சு யாராவது கடிக்க முடியுமா? பல்லு வேலை பாக்குற பொண்ணு, உனக்குத் தெரியாதா?"

நான்தான் கேட்டேன்.

"அண்ணி, அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எடுத்ததும் தெரியலை. திருப்பிப் பாத்தப்பத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் திருப்பிப் பாக்கவே இல்ல."

"தெரிஞ்சுமா கரையெல்லாம் அலைஞ்சீங்க?"

"அலைஞ்ச வரைக்கும் இருந்தாரில்ல" என்றாள். "காலையில எழுந்தா, இன்னிக்குப் பாத்துடலாம்னு இருக்கும். அது எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா உனக்கு? சாப்பாடு எறங்குச்சு. தூக்கம் வந்துச்சு."

மகள் அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடும்மா. தெரியாம பண்ணிட்டேன்."

"அதுக்கு இல்லடி." அண்ணி அவள் முகத்தைத் தூக்கிப் பிடித்தாள். "அச்சு எடுத்ததைச் சொல்லிட்டே. மிச்சத்தையும் சொல்லு."

"என்ன மிச்சம்?"

"எல்லாரும் வர்றீங்க, போறீங்க, சுத்தி வளைச்சுப் பேசுறீங்க. ஒருத்தரும் சொல்லலை. என்னால சொல்ல முடியாது. நான் சொன்னா, நானே அவரைத் தண்ணியில தள்ளிவிட்ட மாதிரி. நீ அவரு பெத்த பொண்ணு. நீ சொல்லு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

"அப்பா செத்துட்டாரும்மா" என்றாள்.

அண்ணி, "ஆங்" என்றாள், ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல. பிறகு இன்னொரு தடவை, "ஆங்." அதற்குப் பிறகு அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் மனித வாயிலிருந்து கேட்டதில்லை. பிரித்து வைத்த பச்சையும் கறுப்பும் கண்ணாடியும் ஒன்றாய்க் கலந்து சிதற, தரையில் அடித்து அடித்து அழுதாள். மகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எத்தனையோ மாதமாய் அடைத்துவைத்திருந்ததை இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். நான் பக்கத்தில் நிற்பேன் என்றுதான் சொல்லியிருந்தேன். நிற்கவில்லை, நானும் உட்கார்ந்து அழுதேன்.

சத்தம் கேட்டுத் தெரு திரண்டுவிட்டது. தாழிடாத கதவுதானே, உள்ளே வந்தார்கள். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. வந்தவர்கள் அண்ணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எதிர் வீட்டுக்காரி அண்ணி கூந்தலை அள்ளி முடிந்துவிட்டாள். தூண்டில்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு, சுவரைப் பார்த்து நின்று அழுதார். யாரோ நாற்காலிகள் கொண்டுவந்து வெளியே போட்டார்கள்.

மூச்சு முட்டியதால் நான் வாசலுக்கு வந்தேன். தண்ணீர் கேன் போடுகிற பையன் வேலையை விட்டுப் போய், அவனுக்குப் பதில் புதிதாக ஒருவர் வந்திருந்தார். கேனைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"யாரும்மா?"

"இந்த வீட்டு அண்ணன்."

"அடடா. எப்போ?"

"இப்பத்தான்" என்றேன்.